தொண்ணூற்று நான்கில் நிற்கும் வேகம்

திருவண்ணாமலையில் 814 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையைச் சுற்றி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடுகிறது கிரிவலப் பாதை. அப்பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறமாக அமைந்த ஊர் அடி அண்ணாமலை. இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்கள் தடித்தவை. புதிதாக எழும் மாடிகள் இரும்புக் கம்பி கட்டிய கற்காரையால் ஆனவை. இத்தகைய வீட்டில் ஒரே ஒரு திசைவி இருந்தால் பின்கட்டு அறைக்கு வைஃபை அலை எட்டாது. ஆதலால் இரண்டு மூன்று பெட்டிகளை ஆங்காங்கே வைத்து, அவை தமக்குள் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் மெஷ் எனும் கண்ணி வலையை மக்கள் நாடுகின்றனர். மாடியறையில் அமர்ந்து அலுவலகப் பணி செய்பவர், வானலையை நம்பாமல், தம் கணினியை அருகிலிருக்கும் பெட்டியோடு வடத்தால் இணைக்கிறார். அப்போதும் வேகம் வருவதில்லை. கட்டணம் 300 மெகாபிட்டுக்குக் கட்டியிருக்கிறார். கணினி காட்டுவது 94. வேறு சில வீடுகளிலோ காலையில் 140, மாலையில் 60.

அசையாத எண்ணும் அலைபாயும் எண்ணும் வெவ்வேறு காரணங்களைச் சுட்டுவன. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

94 என்பது மிகத் தெளிவாகப் பேசும் எண். ஈதர்நெட் வடத்தில் தரவு சிறு பொதிகளாகச் செல்கிறது. ஒரு முழுப் பொதி, தனக்கு முன் வரும் அறிவிப்புத் துடிப்புகளும் தனக்குப் பின் விடப்படும் இடைவெளியும் சேர்ந்து, வடத்தில் 1538 பைட் அளவு இடத்தை அடைக்கிறது. முகவரி, வரிசை எண், பிழைகாண் குறி ஆகியன போக, நமக்கென எஞ்சுவது பெரும்பாலும் 1448 பைட். வகுத்தால் நூற்றுக்கு 94. ஆகவே 300 மெகாபிட் இணைப்பில் கணினி 94-இல் அசையாது நின்றால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்றே கொள்ளலாம். இணைய நிறுவனத்தை அழைக்குமுன் செய்ய வேண்டிய கணக்கு இது.

இணைப்பு ஏன் இறங்குகிறது? வடத்தினுள் எட்டுச் செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக உள்ளன. 1995-இல் தரப்படுத்தப்பட்ட 100 மெகாபிட் முறைக்கு இரண்டு இணைகள் போதும். 1999-இல் வந்த 1000 மெகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். எஞ்சிய இரண்டு இணைகளில் ஒரு கம்பி அறுந்தாலும், இரு முனைக் கருவிகளும் சில முறை முயன்று பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. இணைப்பு அறுவதில்லை, விளக்கு அணைவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் இக்குறை கண்ணுக்குப் படாமல் கிடப்பது இதனால்தான்.

செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளிபுகும் நெகிழிக்குள் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என எட்டும் வரிசையாக நிற்கும். எட்டும் செருகியின் முன்சுவரை முட்டியிருக்க வேண்டும். ஒன்று நூலளவு பின்வாங்கியிருந்தாலும், மேலிருந்து இறங்கும் உலோகப் பல் அதைக் கவ்வியிராது. நடுவிலுள்ள நீல இணையையும் ஓரத்துப் பழுப்பு இணையையும் குறிப்பாக நோக்குக. 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இணைகள் அவையே. செருகியருகே முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்திருத்தலும் ஆகாது. புற இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாகப் படிந்து நீங்குவது அம்முறுக்கால்தான்; கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற அந்த உத்தியின்மீதே இன்றைய கிகாபிட் வேகமும் நிற்கிறது.

வடத்தின் உலோகத்தையும் ஐயுற வேண்டும். விலை குறைந்த வடங்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். கத்தி முனையால் சுரண்டினால் செந்நிறம் போய் வெண்மை தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பினதைவிட ஒன்றரை மடங்குக்கும் மிகுதி. வளைத்தால் ஒடியும் இயல்பும் கூடுதல். மொட்டை மாடி வழியே வெயிலில் கிடக்கும் வடத்தின் உறை நாளடைவில் வெடிக்கும். குரங்குகள் மிகுந்த கிரிவலப் பாதையில் அவை இழுத்துக் கடித்த வடத்தையும் தேடிப் பார்த்தல் தகும்.

இனி அலைபாயும் எண். இதன் வேர் 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அமைத்த அலோகா வலையில், தீவுகளிலிருந்த முனையங்கள் ஒரே வானலையைப் பகிர்ந்தன. இரண்டு ஒருங்கே பேசினால் இரண்டு செய்தியும் சிதையும். சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். அம்முறையில் வானலையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படுத்த இயன்றது. ராபர்ட் மெட்காஃப் 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அக்கருத்தைத் திருத்தி வடத்துக்குள் கொண்டுவந்தார், ஈதர்நெட் பிறந்தது. இன்றைய வடத்தில் போகவும் வரவும் ஒரே நேரத்தில் தடையற்ற வழி உண்டு; மோதலுக்கு இடமே இல்லை. வானலையிலோ ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்னும் பழைய நெருக்கடி நீங்கவில்லை.

மாடிக் கணினி வடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வடம் முடியும் மாடிப் பெட்டி, கீழ்த்தளத்து முதன்மைப் பெட்டியோடு வானலையில் பேசுகிறது. ஒரு மீட்டர் வடம் மட்டும் கம்பி. அதற்கப்பால் உள்ளதெல்லாம் காற்று. இதைக் கம்பி இணைப்பு என்று கொள்வதே தவறு. நடுவில் மூன்றாம் பெட்டி ஒன்று அதே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுத்தால் வேகம் பாதியாகும். இந்தியாவில் 2018 முதல் உரிமமின்றிப் பரவலாகப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 செண்டிமீட்டர், அது 12.5 செண்டிமீட்டர் நீளமுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட விரைவைத் தரும், ஆயினும் சுவரில் மிகுதியாகத் தேயும். பௌர்ணமி இரவில் கிரிவலம் வருவோரின் ஆயிரமாயிரம் கைப்பேசிகள் வாசலைக் கடந்து செல்கின்றன. அன்று மட்டும் உங்கள் கணினி தளர்ந்தால், வழியில் வானலை உண்டென்று ஐயுறலாம்.

ஆய்வு முறை எளிது. ஒளியிழை வந்து முடியும் பெட்டியில் மடிக்கணினியை நேரே செருகி வேகத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து முதன்மைப் பெட்டியில். அதன்பின் மாடிப் பெட்டியில். எண் எங்கே விழுகிறதோ அந்த இரண்டு இடங்களுக்கு நடுவேதான் குறை. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பெட்டியின் துளையே 100 மெகாபிட்டுக்கு உரியதா என்பதையும் அட்டைப் பெட்டியில் படித்துப் பாருங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் அப்படித்தான் உள்ளது. மாடிக்கு வடம் இழுப்பவர் அதை முதன்மைப் பெட்டியிலிருந்தே இழுக்க வேண்டும். அதைத் தாண்டி நிறுவனத்தார் வைத்த பெட்டியில் செருகினால், ஒரே செய்தி இரு வழியாகச் சுற்றி வலை குழம்பக்கூடும். இத்தகைய சுழலைக் கண்டறிந்து ஒரு வழியை அடைக்கும் நெறியை ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்தார். எல்லா வீட்டுக் கருவிகளும் அதைப் பின்பற்றுவதில்லை.

அடி அண்ணாமலையில் இன்று மாடி எழுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். சுவர் பூசுமுன், மின்கம்பிக் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, தளத்துக்குத் தளம் ஒரு தனிக் குழாயைப் பதித்துவிடச் சொல்லுங்கள். அதனுள் செல்லும் தூய செப்பு வடம் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் குறையாமல் சுமக்கும்.