செவ்வாயில் தோன்றிய பிழையும் மண்ணில் கிடைத்த விடையும்

கணிப்பொறியில் நேரும் பிழைகள் இருவகையின. எப்போதும் தோன்றுவது ஒன்று. எப்போதோ தோன்றுவது மற்றொன்று. முன்னது தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். பின்னதோ தேடும்போது மறைந்து, மறந்தபோது தலைகாட்டும். நேற்றுவரை செவ்வனே இயங்கிய மென்பொருள் இன்று இடையில் நின்றுவிடும். மீண்டும் இயக்கினால் குற்றமேதுமின்றி ஓடும். இத்தகைய பிழையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா? இவ்வினாவிற்கு, 1997ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவான விடை தருகின்றது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1996 டிசம்பர் 4ஆம் நாள் ஏவிய பாத்ஃபைண்டர் விண்கலம், 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. அதனுள்ளிருந்து சோஜர்னர் என்னும் சிறிய ஊர்தி வெளிவந்து செம்மண்ணில் உருண்டது. உலகமே வியந்து நோக்கிக் கொண்டிருந்த வேளையில், கலத்தின் கணிப்பொறி திடீர் திடீரென நின்று, மீண்டும் முதலிலிருந்து இயங்கத் தொடங்கியது. திரட்டிய செய்திகள் அழியவில்லை. ஆயினும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளைக்குத் தள்ளப்பட்டன. கலத்திற்கு 30 நாளும் ஊர்திக்கு 7 நாளுமே வாழ்நாளாகத் திட்டமிடப்பட்டிருந்தன. ஆதலின், இழந்த ஒவ்வொரு பொழுதும் ஈடுசெய்தற்கரியதாயிற்று.

பழுதுற்ற பொறியோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வானொலி அலை அதனைச் சென்றடையவே ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். எனவே, கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்கள், தம்மிடமிருந்த அதே அமைப்புடைய மறுபடிப் பொறியை நாடினர். செவ்வாயில் இயங்கிய அதே மென்பொருளை அதில் இயக்கினர். அங்கு நிகழ்ந்த பணிகளையே இங்கும் நிகழச் செய்தனர். எப்பணி எப்போது தொடங்கியது, எது எதற்காகக் காத்து நின்றது என்பனவற்றைக் குறித்து வைக்கும் பதிவு வசதி ஒன்று அம்மென்பொருளிலேயே முன்கூட்டி அமைக்கப்பட்டிருந்தது. அதனையும் இயங்கச் செய்தனர். மண்ணிலிருந்த பொறியும் செவ்வாயிலிருந்த பொறியைப் போன்றே நின்றது. பதிவைப் படித்தபோது காரணம் வெளிப்பட்டது.

அக்காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு நாற்காலி உள்ளது. மேலவர் வந்தால் கீழவர் எழுந்து இடம் தரவேண்டும் என்பது விதி. கடைநிலை ஊழியர் ஒருவர் பதிவேட்டை எடுத்து எழுதிக் கொண்டிருக்கிறார். தலைமை அதிகாரிக்கு அப்பதிவேடு தேவைப்படுகிறது. ஊழியர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். அப்போது இடைநிலை எழுத்தர் ஒருவர் வந்து, ஊழியரை எழுப்பிவிட்டு, பதிவேட்டோடு தொடர்பில்லாத நெடிய வேலையொன்றைத் தொடங்குகிறார். ஊழியர் எழுத இடமில்லை. எழுதி முடிக்காமல் பதிவேட்டைத் தரவும் இயலவில்லை. முடிவில், எழுத்தரின் பொருட்டுத் தலைமை அதிகாரியே காத்து நிற்கிறார். விதியை எவரும் மீறவில்லை. ஆயினும் முறை தலைகீழாயிற்று.

பாத்ஃபைண்டரில் வானிலைச் செய்தி திரட்டும் பணி கடைநிலை ஊழியர் போன்றது. கருவிகளுக்கிடையே செய்தியைப் பகிர்ந்தளிக்கும் பணி தலைமை அதிகாரி போன்றது. இடைநிலைப் பணிகள் குறுக்கிட்டபோது பகிர்வுப் பணி உரிய நேரத்தில் முடியவில்லை. வினாடிக்கு 8 முறை அதனைச் சரிபார்க்கும் காவற்பணி, பெரும்பிழை நேர்ந்ததெனக் கருதிக் கணிப்பொறியை முதலிலிருந்து இயக்கிவிட்டது.

தீர்வு எளிது. தலைமை அதிகாரி காத்திருக்கும் வரையில், பதிவேட்டை வைத்திருக்கும் ஊழியர்க்கே அதிகாரியின் தகுதியைத் தற்காலிகமாக வழங்கிவிட்டால், எழுத்தர் குறுக்கிட இயலாது. இம்முறையை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர். இவருள் ராஜ்குமார் கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. கலத்தின் இயக்க மென்பொருளில் இவ்வசதி முன்னரே இருந்தது; ஆனால் உரிய இடத்தில் அது செயற்படுத்தப்படவில்லை. அதனைச் செயற்படுத்துவதால் வேறு தீங்கு நேருமா என்று ஆராய்ந்து தெளிந்த பின்னரே திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். தொல்லை நீங்கியது. கலம் 1997 செப்டம்பர் 27 வரை செய்தி அனுப்பிற்று.

இங்கு இரண்டு உண்மைகள் எண்ணத்தக்கன. முதலாவது, இப்பிழை கலம் செவ்வாயில் இறங்குவதற்கு முன்னரே சோதனையில் தோன்றியது. மீண்டும் தோன்றாமையால் அப்போது அதன் வேரைக் காண இயலவில்லை. இரண்டாவது, கலம் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாகச் செய்தி அனுப்பியமையால் பணிகள் மிகுந்தன. பணி மிகுந்தமையால் பிழையும் அடிக்கடி தலைகாட்டிற்று. தீயவை நேரின் என்செய்வது என்று சோதித்தவர்கள், இத்துணை நன்மை விளையுமென்று எண்ணிச் சோதிக்கவில்லை.

எனவே, எப்போதோ தோன்றும் பிழையும் காரணமற்றதன்று. அதற்குரிய சூழல்கள் அரிதாக ஒன்றுகூடுகின்றன, அவ்வளவே. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்னும் வள்ளுவர் நெறி பொறிகளுக்கும் பொருந்தும். நிகழ்ந்ததைப் பதிவு செய்தல், ஒத்த பொறியில் அதே சூழலை உருவாக்குதல், காரணத்தைக் கண்டபின் திருத்துதல், திருத்தம் புதுத் தீங்கு விளைக்குமா எனச் சோதித்தல் ஆகிய நான்கும் இதன் படிநிலைகள்.

இன்று மருத்துவமனையும் வங்கியும் தொடர்வண்டியும் மென்பொருளை நம்பி இயங்குகின்றன. பிறர் உயிரும் பொருளும் நம் கைப்பணியில் ஒப்படைக்கப்படும்போது அப்பணி ஓர் அமானிதம் ஆகிறது. ஒருமுறை மட்டுமே தோன்றிய பிழையையும் குறித்து வைத்துக் காரணம் தேடுவது அந்த அமானிதத்தைப் பேணும் வழியாகும். நாளை இத்துறையில் புகவிருக்கும் மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக!