பனி காணாத ஊரில் பனிமய மாதா

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். நாங்கள் என்றால் நானும், எண்பது வயதை எட்டிவிட்ட என் பெரிய அத்தையும். அத்தை கிறிஸ்தவப் பெண்மணி அல்ல. கரிசல் காட்டில் பருத்தி விதைத்து, காளியம்மனுக்குப் பொங்கலிட்டு வாழ்ந்தவள். ஆயினும் தூத்துக்குடி மாதா கோயிலில் அவளுக்கு ஒரு கடன் பாக்கி இருந்தது.

என் பாட்டனார் அந்தக் காலத்தில் பருத்திப் பொதி ஏற்றித் தூத்துக்குடிக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். ஒரு முறை நடுவழியில் மாடு நோயுற்றுப் படுத்துவிட்டது. "மாடு எழுந்து நின்றால், என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், தாயே" என்று அவர் மாதாவை வேண்டிக் கொண்டாராம். மாடு எழுந்துவிட்டது. பாட்டனார் மறந்தாரோ, கையில் காசில்லையோ, நேர்ச்சை மட்டும் நின்றுபோயிற்று. தகப்பன் பட்ட கடனைத் தான் தீர்க்காமல் கண்ணை மூடக்கூடாது என்று அத்தை பிடிவாதமாக இருந்தாள்.

எட்டையபுரம் தாண்டியதும் இரு புறமும் கரிசல் விரிந்தது. கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் பனியில் நனைந்து நின்றன. மழை ஓய்ந்த பின் மண்ணில் தங்கிய ஈரமும் மேலே இறங்கும் பனியும்தான் இப்பயிர்களுக்கு ஆதாரம் என்பது எங்கள் பக்கத்துச் சம்சாரிகளின் நம்பிக்கை.

"ஏன் தம்பி, பனிமய மாதா என்கிறார்களே, அது நம்ம தைப் பனிதானா?" என்று அத்தை கேட்டாள்.

நல்ல கேள்வி. அந்தப் பனி ரோமாபுரியின் உறைபனி. நான்காம் நூற்றாண்டில், கடுங்கோடையான ஆகஸ்டு மாதத்தில், எஸ்குவிலின் என்னும் குன்றின் மேல் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் கட்டவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது ஐதிகம். அதனால் ஆகஸ்டு 5 திருநாள் ஆயிற்று. நம் நாட்டில் அது ஆடி மாதம். காற்றில் புழுதி பறக்கும் காலம். உறைபனியைக் கண்ணால் கண்டிராத கடற்கரை மக்கள், ஆடிக் காற்றில் பனியின் தாய்க்கு விழா எடுக்கிறார்கள்!

எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை எல்லாம் கடந்து, தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஆலயத்தின் முன் இறங்கினோம். மேற்றிராணியாரின் தலைமைக் கோயில் இதுவல்ல. அது திரு இருதய ஆலயம். 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார். ஆனால் ஊர் ஜனங்களின் மனத்தில் முதலிடம் பனிமய மாதாவுக்குத்தான். வேம்பார், வைப்பார் தொடங்கி மணப்பாடு வரை ஏழு கடற்றுறைகளுக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று இந்த மாதாவைப் போற்றுகிறார்கள்.

இங்குள்ள சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து 'சாந்தா ஹெலேனா' என்னும் கப்பலில் வந்ததாகப் பரம்பரைச் செய்தி. ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்ததே 1571-ல்தானே என்று சரித்திரம் படித்த நேயர்கள் புருவத்தை உயர்த்தலாம். உயர்த்தட்டும். அன்னை எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினாள் என்பதைவிட, வந்த இடத்தில் எப்படித் தங்கினாள் என்பதே பெரிய விஷயம்.

முத்துக் குளிக்கும் உரிமைக்காக எழுந்த சச்சரவில் போர்த்துக்கீசியரின் உதவியை நாடியே பரதவர்கள் 1535-க்குப் பின் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிச் சொல்லிக் கொடுத்தார். 'பாதுகாப்புக்காக ஏற்ற மதம்தானே, அன்னியக் கப்பலில் வந்தது அன்னியக் கப்பலோடு போய்விடாதா?' என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் அதில் நியாயமுண்டு.

அதற்குப் பதில் 1658-க்குப் பின் கிடைத்தது. அவ்வாண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர், ஆலயங்களைப் பறித்தனர். பால்தேயுஸ் என்னும் அவர்களுடைய பாதிரியார் வந்து பரதவரைத் தம் சபைக்கு இழுக்கப் பார்த்தார். வியாபாரம், முத்துச் சலாபம், படை பலம் எல்லாம் டச்சுக்காரர் கையில். பாதுகாப்புக்காகவே மதம் என்றால், அப்போது மாறியிருக்க வேண்டியதுதானே? பரதவர் மாறவில்லை. பாதுகாவலராக வந்த போர்த்துக்கீசியர் போய்விட்டனர்; மாதா இருந்துவிட்டாள். இன்று நாம் காணும் ஆலயம், டச்சுக்காரர் அதிகாரத்தில் இருந்த காலத்திலேயே, மான்சி என்னும் சேசு சபைக் குருவானவரின் முயற்சியால் 1713-ல் எழுந்தது! 1982-ல் பாப்பரசர் இதற்குப் பசிலிக்கா என்னும் பட்டம் அளித்தார்.

உள்ளே நுழைந்து, பீடத்தில் ஆபரணங்களுடன் விளங்கும் சொரூபத்தைக் கண்டதும் அத்தை இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தாள். "நம்ம அம்மன் மாதிரியே அலங்காரம்" என்று மெல்லச் சொன்னாள். தேர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, அதுவும் தங்கத் தேர்! முதன்முதல் 1806-ல் ஓடியது. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று அருள்நிறை மணிகளுக்கு ஏற்ப உயரம் 53 அடி. ஆண்டுதோறும் அது ஓடுவதில்லை. விசேஷமான ஆண்டுகளில் மட்டுமே. ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013-லும், பிறகு 2023-லும் ஓடிற்று. வடம் பிடிப்பவர்களில் இந்துக்களும் ஏராளம். ஜூலை 26-ல் கொடியேற்றம், ஆகஸ்டு 5-ல் திருவிழா. கொடி, தேர், வடம், நேர்ச்சை என்று கேட்டால், திருச்செந்தூரைப் பற்றிப் பேசுகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

மெழுகுவர்த்திக் கடையில்தான் சங்கடம் வந்தது. ஆள் உயரத்துக்கு வர்த்தி இல்லை. சாண் அளவுள்ளவைதான் இருந்தன. பாட்டனாரின் உயரமும் எனக்குத் தெரியாது. அத்தை சற்று யோசித்தாள். "நான் அவர் தோள் மட்டுக்கு இருப்பேன்" என்று சொல்லி, கடைப் பலகையின் மீது வர்த்திகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கச் சொன்னாள். தன் உயரத்துக்கு அளந்து, அதற்கு மேல் இரண்டு சேர்த்தாள். மொத்தம் பத்து. கடைக்காரர் சிரிக்காமல் காத்திருந்தார்.

பத்தையும் அவள் தன் கையாலேயே ஏற்றினாள். கடற்காற்றில் இரண்டு அணைந்தன, மறுபடி ஏற்றினாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. எட்டையபுரத்தை நெருங்குகையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தை முந்தானையால் தலையை மூடிக் கொண்டு, "கடலைக்கு நல்லது" என்றாள்.