ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வாகனக் கடன் தவணை தாமதமாவதற்கு வாடிக்கையாளர்கள் கூறும் காரணங்களுள் 'வண்டி பணிமனையில் நிற்கிறது' என்பதும் ஒன்று. வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றால் நேரும் இழப்பை ஈடுசெய்யும். எஞ்சின் தானாகப் பழுதடைந்தால் செலவு முழுவதும் உரிமையாளரையே சேரும். ஆகவே, பெரிய பழுதுகளில் ஒன்றான ஹெட் கேஸ்கெட் மாற்றத்தைப் பற்றி நாம் சிறிது அறிந்திருப்பது நல்லது.

எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய தகடே ஹெட் கேஸ்கெட். எரிவாயு அழுத்தம், ஆயில், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் அது தடுக்கிறது. புதிய தகட்டைப் பொருத்துமுன் பழையதன் எச்சங்களை முற்றிலும் நீக்கவேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது.

வேலை விரைவில் முடியவேண்டும் என்பதற்காகச் சிலர் சுழலும் உராய்வு வட்டைப் பயன்படுத்துகின்றனர். பரப்பு பளபளப்பாகிவிடும், பார்ப்பவருக்கும் மனநிறைவு உண்டாகும். ஆனால் இத்தகைய வட்டுகள் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் உள்ளன. இவை எஃகைவிடக் கடினமானவை. உதிரும் துகள்கள் ஆயில் வழிகளுக்குள் புகுந்து கிராங்க் தண்டின் பேரிங்குகளைச் சென்றடைகின்றன. அங்குள்ள இடைவெளியோ தலைமுடியின் பருமன் அளவே. துகள்கள் பேரிங்கின் மென்மையான பரப்பில் பதிந்து, தண்டை அராவத் தொடங்கும். சிறிது காலத்திலேயே எஞ்சினை முழுமையாகப் பிரிக்க நேரிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இத்தகைய வட்டுகளைப் பயன்படுத்தலாகாது எனத் தன் பணிமனைகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. மேலும், அலுமினிய ஹெட் மென்மையானது. வட்டு சற்றே அழுந்தினாலும் பள்ளம் விழும், புதிய கேஸ்கெட்டும் கசியும்.

பொறுமையான முறையே பாதுகாப்பானது. திறந்துள்ள துளைகளையும் சிலிண்டர்களையும் முதலில் சுத்தமான துணியால் அடைக்கவேண்டும். கேஸ்கெட் நீக்கும் இரசாயனத்தைப் பூசி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கவேண்டும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகியவை அவசியம். பெட்ரோலால் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அது தீயை அழைப்பதாகும். பழைய வண்டிகளின் கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரப்படுத்தியே அகற்றவேண்டும்.

போல்ட் துளைகளில் நீரோ ஆயிலோ தேங்கியிருக்கலாகாது. போல்ட்டை முடுக்கும்போது அவை வெளியேற வழியின்றி அழுத்தப்பட்டுப் பிளாக்கையே விரிசலாக்கும். இறுதியாக, நேர்கோல் வைத்து ஹெட்டின் சமதளத்தைச் சோதிப்பர். வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டனவா என்பதைப் பணிமனை அளிக்கும் ரசீதில் பார்த்துக்கொள்ளலாம்.