சத்தமில்லாமல் விலகிப் போகிறோமா?

ஜூலை மாதக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போனால் நிற்க இடம் கிடைக்காது. மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கும் கூட்டத்தில் தமிழர், சீனர், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என எல்லோரும் இருப்பார்கள். சரி, திருவிழா இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை? பினாங்கின் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். "மகனுக்கு பாயான் லெப்பாஸில் ஷிஃப்டு வேலை." "மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள், அங்கே கோயிலுக்குப் போகிறாளோ என்னவோ." பதில்கள் இப்படித்தான் வரும்.

இவர்களில் யாரும் "இனி எனக்குக் கடவுள் வேண்டாம்" என்று சொன்னவர்கள் அல்லர். ஒரு வாரம் ஓவர்டைம், அடுத்த வாரம் களைப்பு, அதற்கடுத்த வாரம் பழக்கம். வானொலியில் சில விநாடிகள் அமைதி விழுந்தாலே நேயர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். வீட்டில் ஜெபம் நின்று போனால் யாரும் கேட்பதில்லை.

கடவுளை விட்டு விலகினால் என்ன ஆகும்? சிறு வயதில் நமக்குச் சொல்லப்பட்ட பதில் "சாமி கண்ணைக் குத்தும்" என்பதுதான். வேலை போகும், நோய் வரும் என்று பயமுறுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் விவிலியத்தின் யோபு நூல் அந்த எண்ணத்தை ஏற்பதில்லை. "நீ ஏதோ பாவம் செய்ததால்தான் துன்பம்" என்று யோபுவிடம் வாதாடிய நண்பர்களைத்தான் கடவுள் கடிந்துகொள்கிறார். அப்படியானால் உண்மையான விளைவு என்ன? அதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தின் பழைய கதை ஒன்று உதவும். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்க அங்கிருந்து மலாயாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சொந்த ஊர்க் கதை.

1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை வந்தது. டச்சுச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அரசு உத்தியோகம். திருமணப் பதிவும் அந்தச் சபையின் கையில்தான். கத்தோலிக்கர், சைவர் என்று பலரும் வெளியே ஒரு முகமும் வீட்டுக்குள் வேறு முகமுமாக வாழ்ந்தார்கள்.

கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து, 1687இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யாரிடமும் தான் யார் என்று சொல்ல முடியாது. கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கையேந்தினார். அந்த மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். முகங்கள் மாறின! சில்லாலை போன்ற கிராமங்களில் மக்கள் அவரை மறைத்து வைத்துப் பாதுகாத்தார்கள். இரவு நேரங்களில் பூசை நடந்தது. பயத்தில் விலகியிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். குரு இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் அவர்களுக்குள் ஏக்கம் மட்டும் சாகவில்லை. அந்த ஜோசப் வாஸைத்தான் போப் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

உத்தியோகத்துக்காகச் சேர்ந்தவர்கள் கதை வேறு. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பழைய கட்டாயம் போனதும் டச்சுச் சபையின் பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1806இல் அங்கே வந்த கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலேயச் சபைக் குரு, டச்சுக்காரர் கட்டிய தேவாலயங்கள் பாழடைந்து கிடந்ததைக் கண்டு எழுதினார். அந்த மக்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. திணிக்கப்பட்டதைத்தான் அவர்கள் இறக்கி வைத்தார்கள். ஆனால் ஒன்று தெளிவாகிறது: உள்ளே வேர் இல்லாத நம்பிக்கை, வெளியே தாங்கிய கம்பை எடுத்ததும் சாய்ந்துவிடும்.

இன்று பினாங்கில் நம்மை யாரும் மிரட்டவில்லை. பினாங்கு ரோட்டில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் நம் தமிழ்க் கத்தோலிக்க முன்னோர்களுக்காக எழுந்த ஆலயம். அதன் கதவு பகிரங்கமாகவே திறந்திருக்கிறது. பயத்தால் விலகியவனுக்கு ஏக்கமாவது மிஞ்சியது. வசதிக்காக விலகுகிறவனுக்கு அந்த ஏக்கமும் மெல்ல மரத்துப் போகிறது. உண்மையான விளைவு இதுதான். சம்பளம் குறையாது, கார் நிற்காது. ஆனால் ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் அப்பாவுக்காகக் காத்திருக்கும்போது ஜெபிக்க வாய் திறந்தால் வார்த்தை வராது. வீட்டில் துக்கம் நடக்கும்போது கூட நின்று பாட ஒரு சபை இருக்காது. பிள்ளை கேட்கும் கேள்விக்கு, பாட்டி சொன்னது எதுவும் நினைவில் இருக்காது.

லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையும் இதையே காட்டுகிறது. சொத்தைப் பிரித்துக்கொண்டு போன மகனை அப்பா சபிக்கவில்லை. ஆள் விட்டு அடிக்கவுமில்லை. கையிலிருந்தது தீர்ந்தது, பஞ்சம் வந்தது, பன்றி மேய்க்கிற வேலைதான் கிடைத்தது. அவன் பட்ட பாடு அப்பா கொடுத்த தண்டனை அல்ல. அப்பா இல்லாத தூரத்தில் வாழ்ந்ததன் விலை. அவன் திரும்பி வந்தபோது, தொலைவிலேயே கண்டு ஓடி வந்தவரும் அதே அப்பாதான்.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் மூன்று முறை "அவரை எனக்குத் தெரியாது" என்றவர். உயிர்த்த இயேசு அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். பிறகு பொறுப்பை அவர் கையிலேயே கொடுத்தார்.

ஆகவே பெற்றோர்களே, கோயிலுக்கு வராத பிள்ளையிடம் சாபத்தையும் நரகத்தையும் பேசி ஆரம்பிக்காதீர்கள். கட்டாயத்தால் நிரம்பிய கோயில்கள் என்ன ஆயின என்று யாழ்ப்பாணத்தில் பார்த்தோம். ஷிஃப்டு முடிந்து வரும் மகனோடு சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். இளைஞர்களே, ஞாயிறு காலை முடியாவிட்டால் சனிக்கிழமை மாலைப் பூசையோ, வார நாளில் ஒரு ஜெபக்கூட்டமோ உண்டா என்று விசாரியுங்கள். அதுவும் முடியாத நாளில், ஃபெரியிலோ பாலத்து நெரிசலிலோ காத்திருக்கும் பத்து நிமிடம் போதும். விலகியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். திரும்புவதையும் அப்படியே தொடங்கலாம்.