உங்களுக்குத் தெரியுமா? கோட்டம் எடுக்கத் தேவையில்லாத சக்கரம்

பிளஸ் ஒன்னில் அரசு தரும் இலவச சைக்கிளில் வீலிங் அடித்துப் பார்க்காத பையன்கள் நம் சென்னைப் புறநகரான குன்றத்தூரிலும் குறைவாகத்தான் இருப்பார்கள். முன்சக்கரம் கோணலாகத் தரையில் மோதினால் கம்பி தளரும், ரிம் வளையும். பிறகு கோட்டம் எடுக்கக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கம்பியே இல்லாத சாகசச் சக்கரம் 1970களிலேயே வந்துவிட்டது. கலிபோர்னியாவின் ரெடிங் நகரிலுள்ள ஸ்கைவே நிறுவனத்தின் 'டஃப் வீல்' அது. கண்ணாடி இழை கலந்த நைலானை உருக்கி, ஐந்து ஆரங்களோடு ஒரே துண்டாக அச்சில் வார்த்தார்கள். விறைப்பைத் தருவது கண்ணாடி இழை. குதித்து இறங்கும்போது சற்றே வளைந்து, மறுகணம் பழைய வடிவத்துக்குத் திரும்புவது நைலானின் குணம்.

இன்னொரு வியப்பு: நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் விறைப்பு கொஞ்சம் குறையும், ஆனால் அடி தாங்கும் திறன் கூடும். நம் புறநகர்ப் புழுக்கம் அதற்கு ஒத்துப்போகும்!

அதன் எதிரி வெப்பம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால், உராய்வுச் சூட்டில் ரிம் இளகிக் கோணிவிடும்.

கார்பன் இழைச் சக்கரம் இன்னும் எடை குறைவு, விறைப்பும் அதிகம். ஆனால் தாங்கும் எல்லையைத் தாண்டிய அடி விழுந்தால் அது வளைவதில்லை, உடைகிறது. உள் அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால்தான் இன்றைய பிஎம்எக்ஸ் சைக்கிள் சாகச வீரர்களில் பெரும்பாலோர் அலுமினிய ரிம்மையும் 36 எஃகுக் கம்பிகளையும் நம்புகிறார்கள். கம்பி ஒன்று போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.