சுவரில் ஒன்று, தோலுக்குள் ஒன்று

நான் எட்டாம் ஆண்டில் படித்த காலம். ஒரு நாள் இஷாவுக்குப் பின் விளக்கைப் போட்டபோது, எங்கள் வீட்டு நடுச்சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று அசையாமல் இருந்தது. தம்பி வீறிட்டான். நான் தும்புத்தடியை எடுத்தேன். ஒரே அடிதான். கீழே விழுந்து கால்களைச் சுருட்டிக்கொண்ட அதன் வயிற்றின் கீழ், ரூபாய்க் குற்றி போன்ற தட்டையான வெள்ளைப் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உம்மம்மா குனிந்து பார்த்தார்.

"முட்டையோட ஈந்ததப் போய் அடிச்சிட்டியே, மகள்."

தௌர் குகை வாசலில் வலை பின்னிய சிலந்தியின் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் அவர். "அது வலை பின்னுற சிலந்தி உம்மம்மா, இது வேற" என்று நான் வாதாடினேன். வாதம் பிழையில்லை. வீட்டுச் சுவர்களில் ஓடும் இந்த வேட்டைச் சிலந்தி இரை பிடிக்க வலை கட்டுவதில்லை. இரவில் அலைந்து கரப்பான்களைப் பிடித்துத் தின்னும். முட்டைப் பையைத் தாய் உடலோடு அணைத்தபடி வாரக்கணக்கில் சுமக்கும். அந்நாட்களில் பெரும்பாலும் இரை தேடுவதுமில்லை. ஆனால் வாதத்தில் வென்றும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

செத்த சிலந்தியின் கால்கள் ஏன் சுருண்டன என்பதை உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க வந்த பிறகே அறிந்தேன். நமது முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை உண்டு. சிலந்தியின் காலிலுள்ள இரு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே இருக்கிறது. நீட்டுவதற்கு அது தன் உடல் திரவத்தை அமுக்கத்தோடு காலுக்குள் செலுத்துகிறது. மண் தோண்டும் ஜேசிபியின் கை எண்ணெய் அமுக்கத்தால் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே வேலைதான். உயிர் போனதும் அமுக்கம் போய்விடும், கால்கள் உள்ளே மடங்கிவிடும். அந்தத் திரவமும் நமது குருதியைப் போல் சிவப்பன்று. ஒட்சிசனைக் காவும் ஈமோசயனினில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அது இளநீலமாகத் தெரியும்.

சிலந்தியைப் பூச்சி என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பூச்சிக்குக் கால் ஆறு. உணர்கொம்பும் பெரும்பாலும் இறக்கையும் உண்டு. சிலந்திக்குக் கால் எட்டு, கொம்புமில்லை, இறக்கையுமில்லை. ஆத்திரோப்போடாக் கணத்துக்குள் அரக்னிடா என்னும் தனி வகுப்பு அது. அவ்வகுப்பில் பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 100,000க்கு மேல். சிலந்திகளின் உலகப் பட்டியல் 2022இல் 50,000ஐத் தாண்டியது. தேள், மாட்டின் காதைக் கடித்துத் தொங்கும் உண்ணி, வினாகிரி மணக்கும் திரவத்தைப் பீய்ச்சும் சாட்டைத்தேள் எல்லாம் இந்தக் குடும்பத்தவரே.

நம் நாட்டிலேயே இன்னும் புதியவை அகப்படுகின்றன. மாங்குளம் பகுதியில், காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் அளவு வரும் ஒரு மரச்சிலந்தி கண்டெடுக்கப்பட்டு, 2012இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பொசிலோதேரியா இராஜேயி என்பது அதன் பெயர். பழைய மரப்பொந்துகளை நம்பி வாழ்வது அது. மரம் போனால் அதுவும் போய்விடும்.

தேளைப் பற்றி பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெரிய கறுப்பு நட்டுவக்காலியைக் கண்டு ஓடுகிறோம். அது கொட்டினால் வலிக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். தடித்த கவ்விக்கு மெலிந்த வால், மெலிந்த கவ்விக்குத் தடித்த வால். வாலில் நம்பிக்கை வைக்கும் தேளிடமே நாம் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும் செந்நிறத் தேள் அப்படிப்பட்டது. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும், சிறு பிள்ளைகளுக்கு உயிராபத்தும் நேரலாம். இதே தேளால் மகாராஷ்டிரக் கிராமங்களில் பலர் இறந்துகொண்டிருந்தபோது, மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டொக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்தி 1980களில் அந்த இறப்புகளைப் பெருமளவு குறைத்தார். ஆகவே கொட்டினால் மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி, நான் எழுத வெட்கப்பட்ட பகுதி.

ஒன்பதாம் ஆண்டில் வேறோர் ஊரில் விடுதியில் தங்கிப் படித்தேன். மூன்றாம் தவணையில் விரல் இடுக்குகளில் கடி தொடங்கியது. பகலில் பொறுக்கலாம், இரவில் முடியாது. மணிக்கட்டு, இடுப்பு என்று பரவியது. சொறி என்று தெரிந்தால் "ஊத்தக்காரி" என்பார்களே என்று நீளக் கைச் சட்டைக்குள் மறைத்தேன். ஐந்து கிழமை. அதற்குள் எங்கள் அறையில் ஆறு பேர் இரவில் சொறிந்தார்கள். ஆறு பேரும் மற்றவரிடம் மறைத்தார்கள்!

விடுமுறையில் உம்மா என் கையைப் பார்த்ததும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். வைத்தியர் தோலைச் சற்றுச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உடல், குட்டைக் கால்கள். எண்ணினேன். எட்டு.

சுவரில் இருந்ததை ஓர் அடியில் கொன்ற நான், அதன் உறவை ஐந்து கிழமை தோலுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன்.

இதுவே சொறிச் சிற்றுண்ணி. பெண் அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. தோலின் மேற்படையில் சுரங்கம் தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். சாதாரணமாக ஓர் உடலில் பத்துப் பதினைந்து மட்டுமே இருக்கும். அவற்றையும் அவற்றின் முட்டை, கழிவையும் நமது உடல் எதிர்ப்பதால் வருவதே கடி. முதல் முறை தொற்றும்போது அந்த எதிர்ப்பு வெளிப்பட நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். கடி தொடங்கும் முன்பே நாம் மற்றவருக்குக் கொடுத்துவிடுகிறோம். நெடுநேரம் தோலோடு தோல் படுவதால் தொற்றுவது இது. ஒரே பாயில் படுத்தல், கைகோத்தபடி இருத்தல் போதும். நாளுக்கு இரு முறை குளிப்பவருக்கும் வரும். நான் குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வைத்தியர் பெர்மெத்ரின் கிறீம் தந்தார். கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி, இரவு முழுதும் விட்டுக் காலையில் கழுவ வேண்டும்; ஒரு கிழமை கழித்து மீண்டும் ஒரு முறை. கடி இல்லாதவரும் உட்பட, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்றார். உடுப்பு, விரிப்புகளைச் சுடுநீரில் துவைக்க வேண்டும்; துவைக்க முடியாதவற்றை மூன்று நாட்களுக்குக் குறையாமல் பையில் கட்டி வைத்தால், மனிதத் தோல் கிடைக்காமல் உள்ளே உள்ளவை செத்துவிடும். உண்ணி செத்த பின்னரும் இரண்டு மூன்று கிழமை கடி இருக்கலாம். அதற்காகக் கிறீமை அள்ளி அள்ளிப் பூசக் கூடாது. உம்மம்மா மட்டும், "எனக்கு என்னத்துக்கு?" என்று முரண்டு பிடித்தார். உம்மா விடவில்லை.

அன்றிரவே உம்மா மற்ற ஐந்து பிள்ளைகளின் வீடுகளுக்கும் தொலைபேசியில் சொன்னார். நான் அறைக்குள் போய் அழுதேன். மூன்று வீடுகளில் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில், "எங்கட புள்ளைக்கு அப்படியொன்றும் இல்லை" என்று வைத்துவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் மகளைக் கூப்பிட்டு என்னோடு பேசக் கொடுத்தார்கள். "உனக்குமா?" என்று அவள் கேட்டாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போது எங்கள் குசினிச் சுவரில் ஒரு வேட்டைச் சிலந்தி இருக்கிறது. வயிற்றின் கீழே வெள்ளைப் பை. தம்பி இன்னும் வீறிடுகிறான். உம்மம்மா தும்புத்தடியைக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்.