மணமக்களுக்கு ஒரு வழித்துணை



தோபித்து நூலில் சாராவை மணமுடிக்கச் செல்லும் தோபியாவை அச்சம் ஆட்கொள்கின்றது. அவளை முன்னர் மணந்த ஏழு ஆண்களும் மணநாள் இரவிலேயே மாண்டதை அவர் கேள்வியுற்றிருந்தார். உடன் சென்ற இரபேல் வானதூதர் அந்த அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. திகிரிசு ஆற்றில் பிடித்த மீனைக் கொண்டு செய்யவேண்டியதை வழியிலேயே விளக்குகின்றார். இருவரும் சேர்ந்து மன்றாடவும் கற்பிக்கின்றார். அறிவும் செபமும் அங்கே இணைந்தே வருகின்றன.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய வழித்துணை கிடைக்கின்றதா? ஓலை கூறப்படும் வாரங்களில் மண்டபம், கூறைச்சேலை, விருந்து பற்றியெல்லாம் பேசுகின்றோம். உடலைப் பற்றிய கேள்வி எழுந்தால் மட்டும் வீடு மௌனமாகின்றது. அந்த இடத்தை அரைகுறைப் பேச்சும் கைத்தொலைபேசி ஆபாசப் படங்களும் நிரப்புகின்றன. மனைவியின் விருப்பமும் வேதனையும் அவற்றில் ஒரு பொருட்டே அல்ல.

திருச்சபை இந்த மௌனத்தை விரும்பவில்லை. இளையோருக்கு விவேகமான பாலியல் கல்வி வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எடுத்துரைத்தது. 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதனை மீண்டும் வலியுறுத்தினார்.

மணமக்கள் அறிய வேண்டியவை பல. ருபெல்லாத் தடுப்பூசியைக் கர்ப்பகாலத்தில் ஏற்ற முடியாது. முன்பு பெறாதவர்கள் கருவுறுவதற்கு ஒரு மாதமேனும் முன்னதாகப் பெறவேண்டும். சிசுவின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளம் அமையும் முதல் 4 வாரங்களில், தான் கருவுற்றிருப்பதைத் தாயே அறியாதிருக்கலாம். ஆகவே போலிக் அமிலம் முன்கூட்டியே தேவை. இருவரும் தலசீமியாக் காவிகளாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாலியல் நோய்கள் அறிகுறியின்றியும் இருக்கலாம். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ததாலேயே அது இயன்றது. பிள்ளைப்பேறு தாமதித்தால் மருமகளைப் பழிப்பதும் அறியாமையே. காரணம் ஆணிடமும் இருக்கலாம்.

பெற்றோரே, திருமணத்திற்கு முன்னரே பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மணமக்களே, திருமண ஆயத்த வகுப்பில் கூச்சமின்றி வினவுங்கள்.

மருமகன் இறந்துவிடுவான் என்று அஞ்சிய சாராவின் தந்தை இரகுவேல், அன்றிரவே குழி வெட்டி வைத்தார். மணமக்களோ மன்றாடிவிட்டு அமைதியாக உறங்கினர். பொழுது விடியுமுன் அக்குழி மூடப்பட்டது. நம் இல்லங்களிலும் அச்சம் நீங்கி அமைதி நிலவ, தூய இரபேல் நமக்காகப் பரிந்து பேசுவாராக.